மலை தெரியவில்லை

இந்துமாக்கடலில் ஒரு தீவு. வரைபடத்தில் அதன்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் போதும், தீவு காணாமல் போய்விடும். அந்தத் தீவின் நடுவே கங்குமலை என்றொரு எரிமலை. மலைக்கு எதிரே ஒரு குன்று. குன்றின்மேல் நாலு அறையும் ஒரு பெரிய ஜன்னலுமாக ஒரு கண்காணிப்பு நிலையம். அந்த நிலையத்தில் மொத்தம் ஒரே ஓர் ஆள்.

அந்த ஆள் பெர்பெத்துவா. தூத்துக்குடியில் பிறந்தவர், எரிமலை படித்தவர். ஆறு மாத ஆராய்ச்சிக்கென்று வந்தவர் பதினாறு வருஷமாக ஊர் திரும்பவில்லை. வயது நாற்பத்து மூன்று.

அவரிடம் சிஷ்யராக வந்து சேர்ந்தவருக்கு வயது ஐம்பத்தொன்பது. சிரிக்க வேண்டாம், சில பேருக்குப் படிப்பு அப்போதுதான் வாய்க்கிறது. பெயர் சிதம்பரதாணு. நாகர்கோவில் பக்கம். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வெயிலில் நின்று வயல்வரப்புச் சண்டைகளை எல்லாம் கோடு போட்டுத் தீர்த்து வைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதம் மனைவி உலகம்மை இறந்துபோனாள். அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் தாணு காலையில் இரண்டு தம்ளர் காபி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தம்ளர் ஆறி, ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

கோணம் அளக்கும் பழைய தியோடலைட் கருவியில் கைப்பழக்கம் உள்ள ஆள் தேவை என்று ஒருநாள் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டைப் பூட்டிக் கப்பல் ஏறிவிட்டார்.

"வேலைக்குன்னுதான் கூப்பிட்டிய. நான் படிக்கவும் வந்திருக்கேன் மேடம்," என்றார் வந்த அன்றே. "நெலம் தெரியும். மலை தெரியாது. நீங்க சொல்லிக் குடுக்கணும்."

"சரி அண்ணாச்சி."

"இது எப்ப வெடிக்கும்?"

"தெரியாது."

தாணுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதினாறு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவர் சொல்கிற பதிலா இது? தன்னைச் சோதிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில்தான் வந்தது.

கங்குமலை நெருப்புக் குழம்பை ஆறாக ஓடவிடுகிற ரகம் இல்லை. அதன் குழம்பு கெட்டி. பானையின் வாயில் கூழ் பிதுங்கி நிற்பதுபோல மலையின் வாயில் மெள்ள மெள்ளப் பிதுங்கிக் குவியும். வெளியே ஆறிக் கல்லாகும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். புத்தகத்தில் அதற்குக் குவிமாடம் என்று பெயர். கீழே கிராம்புத் தோட்டத்து ஜனங்கள் அதைக் கட்டி என்பார்கள், அதுதான் பொருத்தம். கட்டி எந்தப் பக்கம் வீங்கிச் சாய்கிறதோ அந்தப் பக்கம் என்றாவது ஒருநாள் இடிந்து விழும். இடிந்தால் கல்லும் சாம்பலும் கொதிக்கும் காற்றும் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கும். அதை முந்தி ஓடித் தப்பியவர் யாரும் இல்லை.

அப்போது கட்டி மேற்கே சாய்ந்திருந்தது. மேற்கே ஆள் கிடையாது. கிழக்கே கீழோடை என்ற ஊர், எழுபத்தொரு வீடு. கிராம்புத் தோட்ட வேலைக்கு எந்தக் காலத்திலோ நம் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். பேச்சில் இன்னும் தாமிரபரணி ஓடும்.

மலை நடுங்குகிறதா என்று சொல்ல நிலையத்தில் கருவி உண்டு, புகை அளக்கவும் உண்டு. கட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லக் கிழக்குச் சரிவில் வைத்திருந்த கருவி மட்டும் சாம்பலில் புதைந்துபோயிருந்தது. ஆகவே கண்ணும் தியோடலைட்டும்தான் கதி.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இருவரும் ஜன்னலுக்கு முன் இரண்டு முக்காலிகளில் உட்காருவார்கள். தாணு கட்டியின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கோணம் எடுப்பார். அதை டிரேசிங் தாளில் கோடாக வரைவார். நேற்றைய தாளின்மேல் இன்றைய தாளை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கட்டி எங்கே வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நாலரைக்குக் கீழோடைக்குப் போன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியும் போனும் தைலம்மை என்பவளின் பொறுப்பு. பச்சை என்றால் ஊரில் இருக்கலாம். மஞ்சள் என்றால் ஊரைப் பூட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். சிவப்பு என்றால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

மேகம் மூடிய நாளில் வரைய ஒன்றும் இருக்காது. அன்று தாளில் 'மலை தெரியவில்லை' என்று எழுதித் தேதி போட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் அப்படி எழுதினால் மூன்றாம் நாள் மஞ்சள் கொடி. இது பெர்பெத்துவா போட்ட விதி.

தாணு வந்த முதல் வாரமே மேகம் மூடிற்று. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருந்தது. தாணு மளமளவென்று 'மலை தெரியவில்லை' என்று எழுதிவிட்டு எழுந்தார்.

"அரைமணி ஆகல," என்றார் பெர்பெத்துவா.

"அதான் ஒண்ணும் தெரியலயே மேடம். தெரியாததப் பாத்துக்கிட்டு எதுக்கு அரைமணி உக்காரணும்?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். பெர்பெத்துவா அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாணு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்த வெள்ளையைப் பார்க்க முடியவில்லை. நாகர்கோவில் வீட்டில் இரண்டாவது தம்ளருக்கு எதிரே இருந்த நாற்காலியில் இந்த வெள்ளைதான் ஒன்றரை வருஷமாக உட்கார்ந்திருந்தது என்று அவருக்குத் தோன்றியது.

எதற்கு உட்கார வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லையே என்ற குறை மனதில் தங்கிவிட்டது.

எட்டு மாதம் போயிற்று. புதைந்த கருவிக்குப் பதில் புதிது வாங்கி வரப் பெர்பெத்துவா தலைநகரத் தீவுக்குப் போக வேண்டி வந்தது. பதினைந்து நாள் ஆகும்.

"நாலு மணி. அரைமணி. நாலரைக்குத் தைலம்மை," என்றார் கப்பலேறும்போது.

அவர் போன அன்றே மேகம் இறங்கியது.

முதல் நாள் தாணு விதிப்படி உட்கார்ந்தார், எழுதினார். இரண்டாம் நாளும் அப்படியே. பேச ஆள் கிடையாது. சோற்றுப் பானையின் மூடி விழுந்த சத்தம் கூட ஒரு விருந்தாளி வந்ததுபோல இருந்தது. மூன்றாம் நாள் மேகம் இன்னும் கெட்டியாகிவிட்டது. மணி நாலடிப்பதற்குள் தைலம்மையே போன் செய்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கும் தெரியலன்னா மஞ்சளா?"

"ஆமாம்மா."

"மேட்டுப் பள்ளிக்கூடம் ஒழுகுது அண்ணாச்சி. பாதிப் பிள்ளைக்குக் காய்ச்சல். பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். வெள்ளையைத் துளைத்துத் துளைத்துப் பார்த்ததில் ஏதோ ஒரு கோடு தெரிகிற மாதிரி இருந்தது. இருந்ததா, இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். கட்டி நாளுக்கு எவ்வளவு வளர்கிறது என்பது மனப்பாடம். முப்பத்தைந்து வருஷக் கை. பென்சில் தானாக நகர்ந்தது. கோட்டை முடித்தபோது ஜன்னலில் இல்லாத மலை தாளில் நின்றது. அறையில் யாரோ திரும்பி வந்துவிட்டதுபோல அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"பச்சைதாம்மா," என்றார் நாலரைக்கு.

"மலையப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"இங்கன இருந்து எங்களுக்கு ஒண்ணும் தெரியல. உங்க கண்ணு இருக்கே, அது போதும்."

அதற்குப் பிறகு சிரமமே இல்லை. நாலாம் நாள் ஒரு தாள், ஐந்தாம் நாள் ஒரு தாள். அரைமணியும் வெள்ளையைப் பார்க்க வேண்டிய தொல்லை விட்டது. பத்து நிமிஷத்தில் மலை தயார். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கட்டி ஒழுங்காக, அடக்கமாக, மேற்கே மேற்கே வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான கோடுகளை அவர் அதற்கு முன் வரைந்ததில்லை.

எட்டாம் நாள் காலையில் தைலம்மை கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மேல இருந்து ஒரு பெரிய கல்லு உருண்டு வந்து ஆட்டுக் கெடையில விழுந்துட்டு. ரெண்டு ஆடு போச்சு. கல்லுல இருந்து ஆவி பறந்துச்சு. கட்டி இந்தப் பக்கம் திரும்பிட்டோ?"

தாணு போனை வைத்துவிட்டு மேஜைக்கு ஓடினார். ஐந்து தாள்களையும் எடுத்தார், அடுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்திலும் கட்டி மேற்கேதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. திரும்பப் போன் செய்தார்.

"இல்லம்மா. மேக்கேதான் இருக்கு. நல்லாப் பாத்துட்டேன். மழையில மண்ணு எளகி விழுந்திருக்கும். மழைத்தண்ணி சூட்டுத் தரையில பட்டா ஆவி வரத்தான் செய்யும்."

"சரி அண்ணாச்சி."

தான் வரைந்ததைத் தானே சாட்சிக்குக் கூப்பிட்டோம் என்று அந்த மனுஷனுக்கு அப்போது உறைக்கவில்லை. 'நான் பொய் சொல்லவில்லை' என்று வேண்டுமானால் சத்தியமே செய்திருப்பார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணி. தாணு முற்றத்தில் வேட்டி காயப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் வெயில் பட்டது. திரும்பினார்.

மேகம் நடுவில் கிழிந்து மலை நின்றது. கட்டி கிழக்கு விளிம்பைத் தாண்டி, கீழோடைப் பள்ளத்தின்மேல் ஒரு பெரிய கரிய தோளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வெடிப்புகளில் சிவப்புத் தெரிந்தது. துண்டு துண்டாகக் கல் உதிர்ந்துகொண்டிருந்தது.

தாணு உள்ளே ஓடினார். போனை எடுக்கவில்லை. நேற்றைய தாளை எடுத்தார். தாளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். ஒரு கணம், மலைதான் தவறாக நிற்கிறது என்றே அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு கணத்தை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

பிறகு போன்.

"தைலம்மை, சிவப்பு!"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. போனைக் கூட ஒழுங்காக வைக்கவில்லை. அவள் கத்துகிற சத்தமும் மணியடிக்கிற சத்தமும் தாணுவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. பத்து நிமிஷத்தில் மேகம் மறுபடி மூடிக்கொண்டது. நண்பகலுக்குள் எழுபத்தொரு வீடும் காலி. நடக்க முடியாதவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டும் ஆடுகளை ஓட்டிக்கொண்டும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு நடுக்கம் காட்டும் ஊசி தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அடித்தது. மலைப் பக்கம் மேகத்துக்குள் ஏதோ சரிகிற ஓசை, வெகுநேரம், கூடை கூடையாகச் சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல. மேகத்துக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று புரண்டு வந்து கிழக்குப் பள்ளத்தை நிறைத்துக்கொண்டு கடல்வரை போயிற்று.

முப்பத்து நாலு வீடு, ஊர்ப் பள்ளிக்கூடம், கொடிக்கம்பம், கிராம்பு காயப்போடும் களம், எல்லாம் போய்விட்டன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மலை இடிந்த மூன்றாம் நாள் பெர்பெத்துவா வந்து சேர்ந்தார். தாணு வரைந்த ஒன்பது தாள்களையும் மேஜையில் பரப்பினார். முதல் தாளைக் கொஞ்சநேரம் பார்த்தார். மற்றவற்றைப் புரட்டினார். அடுக்கி ஓரமாக வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக் கப்பல்ல இதெல்லாம் தலைநகரத்துக்குப் போகணும் அண்ணாச்சி. கட்டி எப்படித் திரும்பிச்சுன்னு இத வச்சுத்தான் பாப்பாங்க. அடுத்த தடவ என்ன செய்யணும்னு இத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"சரி மேடம்."

அன்று திங்கட்கிழமை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

செவ்வாயன்று தலைநகரத்திலிருந்து போன் வந்தது. கீழோடை ஜனங்கள் வழியாகச் சேதி எட்டி, அங்கே விஞ்ஞானிகளுக்கு ஒரே உற்சாகமாம். மேகத்துக்குள்ளும் ஒன்பது நாள் தொடர்ச்சியாகக் கோடு கிடைத்திருக்கிறது, கட்டி ஒரே ராத்திரியில் திசை மாறும் என்பதற்கு உலகத்திலேயே இதுதான் முதல் சாட்சி என்றார்களாம். ஒரே ராத்திரியில் மாறுமென்றால் மூன்று நாள் பார்த்து ஏற்றுகிற மஞ்சள் கொடி எதற்கு, அதை எடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டாராம். பெர்பெத்துவா இதையெல்லாம் ஒரே சுருதியில் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

புதனன்று தைலம்மையே மேட்டிலிருந்து நடந்து வந்தாள். கையில் ஒரு பொட்டலம் கிராம்பு. களத்திலிருந்து மிஞ்சினது அவ்வளவுதானாம்.

"மேகத்துக்குள்ளயும் எங்களப் பாத்துக்கிட்டே இருந்திய அண்ணாச்சி. ஊரே உங்க பேரச் சொல்லுது," என்று அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

தாணு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் எங்கே போனாலும் அந்த வாசனை கூடவே வந்தது. சோறு இறங்கவில்லை. ஊரே பேர் சொல்கிற மனுஷர் அன்றைக்கு அந்தத் தீவிலேயே தனியாக இருந்தார். உலகம்மை போன அன்று கூட அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வியாழன் சாயங்காலம் இருவரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேகம். கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"நான் பாக்கல மேடம்," என்றார் தாணு.

பெர்பெத்துவா திரும்பவில்லை.

"ஒம்பது நாளும் பாக்கல. எல்லாம் நானா வரைஞ்சது. எட்டாம் நாளு அந்தப் பிள்ள ஆவி பறக்குற கல்லச் சொல்லிச்சு. நான் என் தாளப் பாத்துட்டு, மேக்கேதான் இருக்குன்னு சொன்னேன்." ஜன்னலைக் காட்டினார். "அந்தப் பத்து நிமிஷம் மேகம் விலகலன்னா..."

"தெரியும் அண்ணாச்சி."

"எப்பத் தெரியும்?"

"முதல் தாளப் பாத்ததும். ஒரு எடத்துலயும் கோடு விட்டுப் போகல. பதினாறு வருஷத்துல இந்த மலை எனக்கு ஒருநாளும் தன்ன முழுசாக் காட்டினது இல்ல."

"அப்ப ஏன் கேக்கல?"

"மூடியிருந்துச்சு. உக்காந்திருந்தேன்."

தாணு எழுந்துபோய் மேஜையிலிருந்த ரப்பரை எடுத்தார். முதல் தாளில் வைக்கப் போனார்.

"அழிக்காதீங்க. வரைஞ்சதும் நடந்ததுதான," என்று பெர்பெத்துவா பேனாவை நீட்டினார்.

தாணு ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதினார்: 'மலை தெரியவில்லை. நானாக வரைந்தேன். சிதம்பரதாணு.' ஒன்பது தடவை. ஒன்பதாவது எழுதி முடிக்கையில் கண்ணீர் விழுந்து பெயர் கொஞ்சம் கலைந்துவிட்டது. அதை அப்படியே விட்டார்.

"நாளைக் கப்பல்ல நானும் போயிருதேன்."

போகாதீர்கள் என்றோ போங்கள் என்றோ பெர்பெத்துவா சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை.

"தைலம்மைகிட்ட யாரு சொல்லுவா?"

தாணு போனை எடுத்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஆட்டுக்கிடைக் கல்லைப் பற்றியும் சொன்னார். மறுமுனையில் பிள்ளைகள் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு தைலம்மை கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"அப்ப அந்த ஒம்பது நாளும் எங்கள யாருமே பாத்துக்கிட்டு இருக்கலியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. கப்பல் ஐந்து மணிக்கு. துறைமுகத்துக்கு இறங்க முக்கால்மணி நேரம் ஆகும். தாணு மூன்றரைக்கே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். தாள்கள் காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தன. கிராம்புப் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

விடைபெற வந்தபோது மணி நாலு. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. பெர்பெத்துவா தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. அவர் அதை இழுத்துப் போடவும் இல்லை, அப்புறப்படுத்தவும் இல்லை.

தாணு கொஞ்சநேரம் நின்றார். பிறகு போய் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையைப் பார்த்தார். அது அசைந்தது, தடித்தது, மெலிந்தது, மறுபடி தடித்தது. அதற்குப் பின்னால் மலை எப்படி நிற்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. மனம் ஒரு கோட்டை இழுக்கப் பார்த்தது. விட்டுவிட்டார். பயமாகத்தான் இருந்தது. உலகம்மை இல்லை என்பதை அன்றுதான் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார் என்றும் சொல்லலாம். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அரைமணி ஆயிற்று. தாணு எழுதினார்: 'மலை தெரியவில்லை.' தேதி போட்டார்.

"நீங்களே பேசுங்க மேடம். இனிமே என் வாய்ச்சொல்ல யாரு நம்புவா?"

"பாத்தேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. தெரியலன்னு சொன்னா நம்புவாங்க. அங்கேருந்து ஆரம்பிங்க," என்று பெர்பெத்துவா போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"தைலம்மை, நான்தான்."

பதில் இல்லை.

"மலை தெரியலம்மா."

பிறகு, "தோட்டத்துல கிராம்பு மொக்கு விரிய ஆரம்பிச்சுட்டு. விரிஞ்சா வீணாப் போயிரும். ஒரு ரெண்டு மணி நேரம் எறங்கிப் பறிச்சிட்டு வந்துரலாமான்னு எல்லாரும் கேக்காங்க."

"தெரியலம்மா. ஒண்ணுமே தெரியல. எறங்காதீங்க."

"எவ்வளவு நேரம் பாத்திய?"

"அரைமணி."

"அரைமணியும் உக்காந்திருந்தியளா?"

"உக்காந்திருந்தேன்."

"நாளைக்கும் உக்காருவியளா?"

தாணு வாசலில் இருந்த பையைப் பார்த்தார். மேகத்துக்குள்ளிருந்து கப்பல் ஊதுகிற சத்தம் ஒருதடவை கேட்டது.

"உக்காருவேன்."

"சரி," என்றாள் தைலம்மை. "எறங்கல."

தாணு போனை வைத்தார். முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார். வெளியே இன்னும் வெள்ளைதான்.

"வந்த புதுசுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன் மேடம். தெரியாததப் பாத்துக்கிட்டு எதுக்கு உக்காரணும்னு. நீங்க பதிலே சொல்லல."

"சொன்னேனே."

"எங்க சொன்னிய? உக்காருங்கன்னு மட்டும்தான சொன்னிய?"

"அதான்," என்றார் பெர்பெத்துவா.